நூற்றுத் தொண்ணூற்றெட்டு பூஜ்யங்கள்

அவள் புகையைப் பற்றி ஆராயப் போனது புகையின் மேல் இருந்த அக்கறையால் அல்ல. வட்டி விகிதத்தைப் பற்றி ஆராய இடம் கிடைக்காததால்தான்.

இதை அவளே சொல்வாள், அதுவும் பேட்டி எடுக்க வந்தவர்களிடம். எதிரில் உட்கார்ந்திருப்பவர், சின்ன வயதிலிருந்தே சுற்றுச்சூழலில் ஆர்வமா என்று கேட்டுவிட்டுப் பேனாவைத் தயாராக வைத்திருப்பார். "இல்லைங்க, பேங்க் புரொஃபசர்கிட்ட க்யூ பெருசா இருந்துச்சு" என்பாள். பேனா இறங்கிவிடும். அந்தக் கட்டுரைகள் பெரும்பாலும் வெளிவரவில்லை.

ஐந்து வருடம் நானும் அவளும் ஒரே அறையில், எதிரெதிர் மேசைகளில் வேலை பார்த்தோம். இதில் பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதி அவள் சொன்னது. தனக்குச் சாதகமாக எதையும் கூட்டிச் சொல்கிற பழக்கம் அவளிடம் இல்லை என்பதால் அதையும் நம்புகிறேன்.

அவள் வளர்ந்தது ஓர் அனல்மின் நிலையத்தின் தொழிலாளர் குடியிருப்பில். அப்பா நிலக்கரி ஏறிப்போகும் கன்வேயர் பெல்ட்டைப் பழுதுபார்ப்பவர். அவருக்குப் பிறகு அண்ணன் அதே நிலையத்தில் பாய்லர் பிரிவில் சேர்ந்தார். வீட்டில் எதைத் தொட்டாலும் விரல் நுனியில் கறுப்பு ஒட்டும். ஜன்னல் கட்டை, தண்ணீர்க் குடத்தின் கழுத்து, மடித்து வைத்த போர்வை, எல்லாவற்றிலும். கல்லூரியில் முதன்முதலாகத் தேவைக்கோடும் அளிப்புக்கோடும் வரைந்து காட்டியபோது அவளுக்குப் பொருளாதாரம் பிடித்துப்போயிற்று. அந்தக் கோடுகளில் கரி இல்லை. வட்டி, விலைவாசி, நாணய மதிப்பு என்று படித்து ஒரு பெரிய வங்கியின் குளிரூட்டிய அறையில் உட்கார வேண்டும் என்பதுதான் அவள் திட்டம்.

முதுகலை முடித்ததும் முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டி தேடினாள். வங்கிப் பேராசிரியரிடம் ஏற்கெனவே ஒன்பது பேர். காலியாக இருந்தவர் ஒருவர்தான். மாணவர்கள் அவரைப் 'புகை' என்பார்கள். அவருடைய ஆராய்ச்சி காற்று மாசு பற்றியது. அவர் ஒரு நாளைக்கு ஒன்றரை பாக்கெட் சிகரெட் பிடிப்பவர். இரண்டில் எதனால் அந்தப் பெயர் வந்தது என்று யாரும் விசாரித்ததில்லை.

"மூணு வருஷத்துக்கு உதவித்தொகை இருக்கு. காத்துக்கு என்ன விலைன்னு கண்டுபிடிக்கணும். பண்றியா?" என்று கேட்டார் புகை.

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தாள். அவர் செய்யவில்லை. சுத்தமான காற்று கடையில் விற்பதில்லை. அதனால் அதற்கு விலைச்சீட்டு கிடையாது. விலை இல்லாத பொருளை அரசாங்கக் கணக்கில் பூஜ்யம் என்றே போடுவார்கள். ஆகவே மக்களிடமே போய், புகை பாதியாகக் குறையும் என்றால் மாதாமாதம் மின் கட்டணத்தோடு எவ்வளவு கூடுதலாகத் தருவீர்கள் என்று கேட்க வேண்டும். வருகிற பதில்களின் சராசரிதான் காற்றின் விலை. புகைபோக்கியில் வடிகட்டி பொருத்த ஆகும் செலவைவிட அந்த விலை அதிகமாக இருந்தால் வடிகட்டி பொருத்தலாம். குறைவாக இருந்தால் பொருத்துவது வீண். உலகத்தில் பல இடங்களில் இப்படித்தான் செய்கிறார்கள் என்றார். அவள் சேர்ந்தாள். உதவித்தொகை வேண்டியிருந்தது.

ஆய்வுக்கு அவள் தேர்ந்தெடுத்தது தன் சொந்தக் குடியிருப்பையும் அதைச் சுற்றிய தெருக்களையும். தங்க இடம் உண்டு, கதவைத் தட்டினால் திறப்பார்கள். செலவு மிச்சம் என்று புகையும் ஒத்துக்கொண்டார். ஆனால் ஒன்றை எச்சரித்து அனுப்பினார். தெரிந்தவர்கள் சொல்வதை மற்றவர்கள் சொல்வதைவிட இரண்டு மடங்கு சந்தேகப்படு, இல்லையென்றால் ஊர்ப் பாசத்தில் எழுதியிருக்கிறாள் என்று உன்னைக் கிழித்துவிடுவார்கள் என்றார். அவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். கிழிபடுவதற்கு அவள் அவ்வளவு பயந்தாள்.

கேள்வித்தாள் முதலில் நான்கு பக்கம் இருந்தது. சோதனைக்குப் பத்து வீடுகளில் கேட்டுப் பார்த்தபோது, இருபது நிமிடத்துக்கு மேல் போனால் ஆட்கள் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறார்கள் என்று தெரிந்தது. புகை சிவப்புப் பேனாவால் அதை இரண்டு பக்கமாக்கினார். வெட்டுப்பட்டவற்றில் ஒரு கேள்வி: 'ஒன்றும் தரமாட்டேன் என்றால், ஏன்?'

ஆறு வாரத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு வீடு ஏறினாள். நாற்பதாவது வீட்டிலேயே சிக்கல் தெரிந்தது. அது குடியிருப்பு வாசலில் இருந்த சலவைக்கடை. வெளுத்துக் காயப்போட்ட துணியில் மறுபடி கரி விழுந்து, இரண்டாம் முறை வெளுத்தே அந்தக் கடைக்காரருக்குப் பாதி ஆயுள் போயிருந்தது. எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டதும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"ஒரு காசு தர மாட்டேன். அழுக்காக்கினவன் சோப்பு வாங்கட்டும். எழுதிக்க."

எழுதிக்கொள்ள இடம் இல்லை. படிவத்தில் ஒரு கட்டம், அதில் ஓர் எண், அவ்வளவுதான். கட்டத்தில் பூஜ்யம் போட்டுவிட்டு, அவர் சொன்னதைப் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் எழுதினாள். ஏன் எழுதினாள் என்று கேட்டபோது, அவர் பார்த்துக்கொண்டே நின்றார், எழுதாமல் வர முடியவில்லை என்றாள். அதன் பிறகு அதே மாதிரி பதில் வந்த வீடுகளிலெல்லாம் ஓரத்தில் எழுதினாள்.

பல்கலைக்கழகத்தில் படிவங்களைக் கணினியில் ஏற்றினார்கள். அங்கே அட்டவணை வேறு மொழியில் இருந்தது. கட்டங்கள் எல்லாம் எண்களுக்கானவை. வீட்டு மொழியில் ஓரத்தில் கிடந்த வாக்கியங்களுக்குக் கட்டம் இல்லை. சலவைக்கடைக்காரர் நாற்பதாம் வரிசையில் ஒரு பூஜ்யமானார். காசில்லாததால் தர முடியாது என்றவரும் பூஜ்யம். உங்கள் புகைக்கு நான் ஏன் தர வேண்டும் என்றவரும் அதே பூஜ்யம். இப்படிப்பட்ட எதிர்ப்புப் பதில்களைத் தனியாகப் பிரிக்க வேண்டும் என்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது, அவளும் படித்திருந்தாள். ஆனால் ஏன் என்ற கேள்வியே படிவத்தில் இல்லை. பென்சில் குறிப்பை நம்பிப் பிரித்தால் தெரிந்தவர்களுக்குச் சலுகை காட்டியதாகிவிடும் என்று தயங்கினாள். தயங்கியதை அன்று நடுநிலைமை என்று நினைத்தாள்.

சராசரி வந்தது. மாதத்துக்கு இரண்டு பஸ் டிக்கெட்டின் விலை. வடிகட்டி கட்டுப்படியாக மூன்றரை டிக்கெட் தேவை.

கட்டுரை நல்ல இதழ் ஒன்றில் வெளியானது. அவள் பெயர் முன்னால், புகையின் பெயர் பின்னால். பட்டம் கிடைத்தது. புகை ஓர் எரிசக்திக் கொள்கை ஆய்வு நிறுவனத்துக்கு இயக்குநராகப் போனபோது அவளையும் கூட்டிக்கொண்டு போனார். மின் கட்டணம், எரிபொருள் மானியம், பழைய நிலையங்களை எப்போது மூடுவது என்று அவள் எழுதிய அறிக்கைகள் அமைச்சகத்து மேசைகளில் ஏறின. வங்கியின் குளிரூட்டிய அறை கிடைக்கவில்லை. இங்கேயும் குளிரூட்டி இருந்தது.

அந்த எண் மட்டும் தன்பாட்டுக்கு ஊர் சுற்றியது. முதலில் ஓர் அறிக்கையில், பிறகு அந்த அறிக்கையை மேற்கோள் காட்டிய இன்னோர் அறிக்கையில். ஒவ்வொரு தாவலிலும் ஓர் அடிக்குறிப்பு உதிர்ந்தது. கடைசியில், குடியிருப்புவாசிகள் தூய காற்றுக்குப் பெரிய மதிப்பு தருவதில்லை என்ற ஒற்றை வாக்கியமாக நின்றது. அதைக் காட்டி நிலையத்தின் இரண்டு மின் உற்பத்தி அலகுகளிலும் வடிகட்டியைத் தள்ளிப்போட்டார்கள். ஒரு செய்தித்தாள் 'இவர்கள் மூச்சின் விலை இரண்டு டிக்கெட்' என்று தலைப்புப் போட்டது.

அதோடு குடியிருப்பில் அவள் பெயர் மாறிற்று. விடுமுறைக்குப் போனால் பஸ் நிறுத்தத்திலேயே ஆரம்பித்துவிடுவார்கள்: "ரெண்டு டிக்கெட் இறங்குது, வழி விடுங்கப்பா." கூடப் படித்தவள் ஒருத்தி, தன் இருமலுக்குச் சில்லறை இருக்கிறதா என்று கேட்டாள். சலவைக்கடைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். அவள் கடையைத் தாண்டும்போது துணியை உதறுவார். அவ்வளவு கரி ஒரு துணியில் இருக்குமா என்று அவளுக்குச் சந்தேகம் வரும்.

பதினொரு வருடம் கழித்து, மூன்றாவது அலகு கட்ட விண்ணப்பம் போட்டது நிலையம். பழைய இரண்டையும் விடப் பெரியது. அதற்கும் வடிகட்டி கிடையாது. காரணம் காட்டும் பக்கத்தில் அவள் எண். புகைபோக்கி எழும்பப் போவது அண்ணன் வீட்டுக்கு நேர் மேற்கே. வருடத்தில் எட்டு மாதம் காற்று அங்கிருந்துதான் வீசும். அண்ணி ஏற்கெனவே மாடிப்படியில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கி ஏறுகிறவர். அண்ணனோ புதிய அலகின் ஷிஃப்ட் மேற்பார்வையாளராகத் தேர்வாகியிருந்தார். இருபத்திரண்டு வருடம் பாய்லர் முன்னால் வெந்தவருக்கு முதல் பதவி உயர்வு.

பொதுமக்களிடம் கருத்துக் கேட்க ஒரு குழு அமைந்தது. அந்த எண்ணை விளக்க ஒருவரை அனுப்பும்படி நிறுவனத்துக்குக் கடிதம் வந்தது. புகை அதை அவள் மேசையில் போட்டார். அரை மணி நேர வேலை, கட்டுரையை வாசித்துவிட்டு இறங்கிவிடு என்றார்.

கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று அவள் கிடங்கிலிருந்து பழைய படிவங்களை வரவழைத்தாள். ஏழு அட்டைப்பெட்டி. முதல் நாள் கட்டங்களைத்தான் சரிபார்த்தாள். இரண்டாம் நாள் காலையில் ஓரங்களைப் படிக்கத் தொடங்கினாள். மதியம் சாப்பிடப் போகலாமா என்று கேட்டேன்; காதில் விழவில்லை. 'பெரிய வீட்டுக்காரன் கொள்ளிக்கட்டையை வைப்பான், நான் தண்ணி வாங்கணுமா.' 'எங்க வீட்டு ஜன்னலை நாங்க மூடறோம், அவங்க வாயை யார் மூடறது.' 'கேக்கறதுக்கு உனக்கு வெக்கமா இல்ல?' எல்லாம் அவள் கையெழுத்து. மாலை ஐந்து மணிக்கு எண்ணி முடித்தாள். மொத்தப் பூஜ்யம் இருநூற்று நாற்பத்தொன்று. அதில் நூற்றுத் தொண்ணூற்றெட்டில் ஓரம் பேசியது.

"இவங்க எல்லாரும் பதில் சொல்லியிருக்காங்க" என்றாள் என்னிடம். "நான் கேட்ட கேள்விக்கு இல்ல. கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு."

மறுநாள் புகையிடம் படிவங்களை எடுத்துப்போனாள். கதவு திறந்தே இருந்தது. தாழ்வாரத்தில் பாதி அலுவலகம் கேட்டது. புகை நான்கைந்து படிவங்களைப் புரட்டிவிட்டுத் தள்ளி வைத்தார்.

"பென்சில்ல கிறுக்கினது எல்லாம் தரவாம்மா?"

கிறுக்கியது நான்தான் என்றாள். அது இன்னும் மோசம் என்றார் அவர். பிறகு குரலைத் தணித்து வழி சொன்னார். பாடப்புத்தகப்படி நூற்றுத் தொண்ணூற்றெட்டு பேரையும் நீக்கிவிடு. ஒரு திருத்தம் வெளியிடலாம். சராசரி இரண்டிலிருந்து மூன்றுக்குச் சற்றுக் கீழே வரும். மூன்றரை எட்டாது. முடிவு மாறாது, யாருக்கும் முகம் கறுக்காது. அவள் நீக்குவதும் தப்பு என்றாள். முதலில் பூஜ்யம் ஆக்கினோம், இப்போது ஆளையே இல்லாமல் ஆக்கச் சொல்கிறீர்கள் என்றாள்.

புகை சிகரெட்டைப் பற்றவைத்தார். அடுத்த மாதம் எரிசக்திப் பிரிவுத் தலைவர் பதவிக்கு நேர்காணல் இருந்தது. அவளுக்குத்தான் அது என்று எல்லோருக்கும் தெரியும்.

"நீ வாபஸ் வாங்கினா என் பேரும் சேர்ந்துதான் போகும். அதை மனசுல வச்சுக்க. நான் வச்சுப்பேன்."

கூட்டம் நடந்த அன்று காலை அவள் அண்ணன் வீட்டில் இறங்கினாள். சொல்லாமலே அண்ணனுக்கு விஷயம் தெரிந்திருந்தது. நிலையத்து வழக்கறிஞருக்கு யாரோ போன் போட்டிருந்தார்கள். அது யார் என்று அவள் கேட்கவில்லை, எனக்கும் ஊகம்தான்.

அண்ணன் சீருடையோடு உட்கார்ந்திருந்தார். "பதினோரு வருஷமா அந்த எண்ணை வச்சுத்தானே சாப்பிட்டே. அப்ப கசக்கல. எனக்கு ஒண்ணு வர்ற நேரத்துல கசக்குதா?"

"அப்ப தெரியலண்ணா."

"உன் கையால எழுதினது உனக்குத் தெரியல. இதை நான் நம்பணும்."

உண்மையில் அவர் கேட்டதுதான் சரியான கேள்வி, குழுவில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை என்று பிற்பாடு சொன்னாள். அண்ணி தட்டை வைத்துவிட்டு, இவள் சாப்பிடட்டும், சண்டையைத் தட்டு காலியானதும் வைத்துக்கொள்ளுங்கள் என்றாராம். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு நின்று வந்தது. அண்ணன் அந்தப் பக்கம் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

கூட்டம் குடியிருப்புப் பொது மண்டபத்தில். நானூறு நாற்காலி போட்டிருந்தார்கள். சுவரோரம் இன்னும் நூறு பேர் நின்றார்கள். குழுத் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி, எதற்கும் அவசரப்படாதவர். அவள் பெயர் கூப்பிட்டதும் பின்வரிசையில் விசில். யாரோ கண்டக்டர் மாதிரி "ரெண்டு, ரெண்டு" என்று கூவ, மண்டபமே சிரித்தது. அவள் ஒலிவாங்கி முன்னால் நின்று, கட்டுரையை வாசிக்கவில்லை. ஓரக்குறிப்புகளில் பன்னிரண்டை வாசித்தாள், வீட்டு எண் இல்லாமல், வெறும் வாக்கியங்களாக. மண்டபம் அடங்கியது. சிலர் தங்கள் குரலையே கேட்டிருக்க வேண்டும். பிறகு, இவை எல்லாவற்றையும் பூஜ்யம் என்று பதிந்தது தன் தவறு என்றும், அந்த எண்ணைக் குழு பயன்படுத்தக் கூடாது என்றும் சொன்னாள்.

நிலையத்து வழக்கறிஞர் எழுந்தார். கணக்கு தெரிந்தவர்.

"மேடம், அந்த நூத்தித் தொண்ணூத்தெட்டு பேரையும் தூக்கிடுங்க. உங்க புத்தகமே தூக்கச் சொல்லுது. தூக்கினாலும் மூணுதான் வருது, மூணரை வரல. அப்புறம் என்ன பிரச்சினை?"

"தூக்கக் கூடாது. அவங்கதான் தெளிவாச் சொன்னவங்க."

"அப்படின்னா வச்சுக்கங்க. ரெண்டு வருது." மண்டபத்தைப் பார்த்துக் கையை விரித்தார். சிரிப்பு மறுபடி கிளம்பியது.

அவள் வழக்கறிஞரை விட்டுவிட்டு நீதிபதியின் பக்கம் திரும்பினாள். "ஐயா, ஒருத்தர் உங்க கால் மேல ஏறி நிக்கறார். இறங்கறதுக்கு எவ்வளவு தருவீங்கன்னு உங்களையே கேக்கறார். நீங்க ஒண்ணும் தர மாட்டேங்கறீங்க. உங்க காலுக்கு மதிப்பே இல்லன்னு அவர் எழுதிக்கறார். நான் செஞ்சது அதுதான்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "சரியான கேள்வி எது?"

"நான் நிக்கணும்னா உங்களுக்கு என்ன தரணும்னு அவர் கேட்கணும். காத்து குடியிருக்கறவங்களோடதுன்னு வச்சுக்கிட்டுக் கேட்கணும். நான் அது நிலையத்தோடதுன்னு முடிவு பண்ணிட்டுக் கேட்டேன். முடிவு பண்ணினது எனக்கே தெரியாது."

"அப்படிக் கேட்டா என்ன எண் வரும்?"

"தெரியாது ஐயா. கேட்டாத்தான் தெரியும்."

நிபுணர் ஒருவர் தெரியாது என்று சொன்னது வழக்கறிஞருக்குப் பெரிய விருந்து. பத்து நிமிடம் அவளை வறுத்தெடுத்தார். அவள் பட்டம், அவள் பதவி, அவள் சம்பளம் எல்லாம் இந்தத் தெரியாததில் நிற்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்றாள். ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்றாள்.

அவர் உட்கார்ந்ததும் சலவைக்கடைக்காரர் எழுந்தார். தன் பக்கம் பேசுவார் என்று அவள் ஒரு கணம் நினைத்திருக்கிறாள். அந்த அற்ப ஆசையை என்னிடம் ஒளிக்கவில்லை.

"பதினோரு வருஷம் கழிச்சு வந்து தப்புங்கறே. நல்லாருக்கு. இந்தப் பதினோரு வருஷமும் அந்தக் கரியை உள்ள வாங்கினது யாரு? உன் பேப்பரா?" நீதிபதியிடம் திரும்பினார். "இந்தம்மா சொல்றது சரிதான், எழுதிக்கங்க. அதுக்காக இவங்க நல்லவங்கன்னு எழுதிடாதீங்க."

கைதட்டல் வந்தது. அவளுக்கு இல்லை. அவள் படியிறங்கி மண்டபத்தைக் கடந்து வந்தபோது நாற்காலிகள் ஒதுங்கின; யாரும் முகம் கொடுக்கவில்லை. அண்ணன் மூன்றாம் வரிசையில் நிலையத்து ஆட்களோடு இருந்தார். அவள் பக்கத்தில் வந்ததும் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார்.

மூன்று வாரத்தில் குழுவின் உத்தரவு வந்தது. பழைய எண்ணை ஏற்க முடியாது. புதிய ஆய்வு நடத்தி, கேள்வியை மாற்றிப் போட்டுக் கேட்க வேண்டும்; அதன் முடிவு வரும்வரை மூன்றாம் அலகில் தீ மூட்டக் கூடாது. புதிய ஆய்வில் பழைய ஆய்வோடு தொடர்புடைய எவரும் இருக்கக் கூடாது என்று கடைசிப் பத்தி சொன்னது. அவள் அதை இரண்டு முறை படித்தாள். நியாயம்தான் என்றாள்.

பிரிவுத் தலைவர் பதவி வேறொருவருக்குப் போனது. இதழ் அவள் கட்டுரையின் எல்லாப் பக்கத்திலும் குறுக்கே 'திரும்பப் பெறப்பட்டது' என்று முத்திரை போட்டது. புகை அவளோடு பேசுவதை நிறுத்தி, வேண்டியதைச் சீட்டில் எழுதி அனுப்பினார். அண்ணனின் பதவி உயர்வு ஆணை, அலகு தொடங்கும் நாள்வரை நிறுத்திவைக்கப்பட்டது. அவள் ஏழு முறை போன் செய்தாள், அண்ணன் எடுக்கவில்லை. அண்ணி ஒருமுறை எடுத்து, இப்போதைக்கு வராதேம்மா என்று மட்டும் சொன்னார்.

ஐந்து மாதம் கழித்து ஒரு மதிய நேரம். அவளை மாடியில் ஜன்னல் இல்லாத அறைக்கு மாற்றியிருந்தார்கள். அலமாரியை நகர்த்த நான் உதவிக்குப் போயிருந்தேன். இரண்டு கையிலும் கோப்புகள் இருந்ததால் போனை ஒலிபெருக்கியில் போட்டாள். அண்ணன்.

நலம் விசாரிக்கவில்லை. "புது ஆய்வுக்காரங்க வந்திருக்காங்க. ரெண்டு பொண்ணுங்க. முன்னாடி உக்காந்திருக்காங்க."

அந்த வீட்டுக்கு வந்து எவரும் இதைக் கேட்பது அதுவே முதல் தடவை. பழைய ஆய்வின்போது உறவினர் வீடு என்பதால் அவள் ஏறாமல் விட்ட கதவு அது.

"வடிகட்டி இல்லாம அலகு ஓடணும்னா எங்களுக்கு மாசம் என்ன தரணுமாம். எனக்கு ஒண்ணும் வேணாம், ஓடட்டும்னு சொன்னேன். உங்க அண்ணி எவ்வளவு குடுத்தாலும் ஆகாதுங்கறா. வீட்டுக்கு ஒரு பதில்தான் எழுதுவாங்களாம். எதை எழுதச் சொல்றது?"

அவள் கோப்புகளைத் தரையில் வைத்தாள். என்ன சொல்ல நினைத்தாள் என்பது முகத்தில் அப்பட்டமாக இருந்தது. "நான் சொல்லக் கூடாதுண்ணா."

"ஊருக்கெல்லாம் மைக் புடிச்சுச் சொன்னே."

"என் கேள்வி தப்புன்னு சொன்னேன். பதில் சொல்லல. இப்ப நான் ஒரு வார்த்தை சொன்னாலும் உங்க படிவம் செல்லாது. அந்தப் பொண்ணுங்க கேட்டுக்கிட்டுத்தானே இருப்பாங்க."

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க." பின்னால் தம்ளர் வைக்கும் ஓசை. அண்ணியின் குரல், மூச்சுக்கு நடுவே, யாரிடமோ: வீட்டுக்காரர் சொன்னதையே எழுதிக்கிறதா இருந்தா எழுதிக்கங்கம்மா, ஆனா நான் இந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.

அண்ணன் போனை வைக்கவில்லை. பாய்லர் சத்தத்தில் கத்திக் கத்திக் கரகரத்துப்போன தொண்டை அவருக்கு; சும்மா இருந்தாலும் அது கேட்கும். அவள் போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இருபது வருடம் அவள் படித்த படிப்பில் இந்த நேரத்தில் செய்யத்தக்கது ஒன்றுதான். அது வாயை மூடிக்கொண்டிருப்பது.

"அவ சொன்னதையே எழுதிக்கங்கம்மா" என்றார் அண்ணன், போனை விட்டு முகத்தைத் திருப்பி. பிறகு போனில், "உனக்காகன்னு நினைச்சுக்காதே."

"இல்லண்ணா."

வைத்துவிட்டார். அவள் குனிந்து கோப்புகளை எடுத்து, எந்தத் தட்டில் எது என்று என்னிடம் கேட்டாள்.